பூஜ்ஜியம் புள்ளி மூன்று

ஆறு வருஷத்துக்கு முன்
இந்தக் கண்ணாடிக் கதவில்
உரிம வில்லையை ஒட்டியவரும் வென்டெல் ஸ்டாம்பர்தான்.
குமிழ் விழாமல் உள்ளங்கையால் நீவிவிட்டார்.
"அரசாங்கப் பசை, லேசில் போகாது"
என்று சிரித்தாள் ஒரெத்தா ப்ளெவின்ஸ்.

இன்று காலை ஒன்பது பத்துக்கு
கையில் சுரண்டியோடு
அதே கதவின்முன் குத்துக்காலிட்டிருக்கிறார்.

நேற்று நள்ளிரவில் சட்டம் கண்விழித்தது.
அடுத்த நிமிடம்
அலமாரியிலிருந்த முந்நூற்றுப் பதினேழு டப்பாக்களும்
இருந்த இடத்திலேயே இருந்து
குற்றமாயின.

கஞ்சாவின் சாதுத் தங்கை என்று சொல்லித்தான்
ஹெம்ப்பை விவசாயிகள் கையில் கொடுத்தார்கள்.
தங்கையிடமிருந்து அக்காவைக் கறந்தெடுக்க
ரசாயனக்காரர்களுக்கு
ஒரு பருவம் போதுமாயிருந்தது.
காய்ந்த இலையின் எடையில்
நூற்றுக்கு பூஜ்ஜியம் புள்ளி மூன்று டி.எச்.சி.,
அதுவரை செடி, அதைத் தாண்டினால் சரக்கு.
இப்போது இலையை விட்டுவிட்டு
டப்பாவை நிறுக்கிறார்கள்.
செடி நகரவில்லை, தராசு நகர்ந்துவிட்டது.

இதை நான் எழுதும் மொழியில்
ஓர் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் விலகிவிடும், மெய் மட்டும் நிற்கும்.
ஒரெத்தாவின் கடை நிற்கிறது.
குளிர்பெட்டி உறுமிக்கொண்டு நிற்கிறது.
அவள் தம்பியின் கொட்டகையில்
நாற்பது சாக்குப் பூ,
அதன் பேரில் வாங்கிய கடன்,
கடன் மட்டும் மூச்சு விடுகிறது.

லாயல் ஹென்ஸ்லி வியாழக்கிழமைக்காரர்.
பீச் வாசனையில் இரண்டு டப்பா.
போதைக்கு அல்ல, தூக்கத்துக்கு.
பாலைவனத்தில் எங்கோ விட்டுவிட்டு வந்த தூக்கம்.
அறிவிப்பை உதடசைத்துப் படித்தார்.
ஒரெத்தாவிடம் கேட்கவில்லை, வென்டெலிடம் கேட்டார்:
"இன்று ராத்திரிக்கு என்ன செய்யட்டும்?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பாலம் தாண்டிப் பதினொரு மைலில் வேறு மாநிலம்,
அங்கே இன்னும் விற்கிறார்கள்.
அரசு ஊழியர் இதைச் சொல்லக்கூடாது.
வென்டெல் சொல்லவில்லை.
ஆற்றுப் பக்கம் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம்.

ஆனால் கோல்பியையும் சொல்ல வேண்டும்.
நான்கு வயது.
அத்தையின் கைப்பையில் ஆறு பச்சைக் கரடிகள்.
பத்தொன்பது மணி நேரம் கண் திறக்கவில்லை.
சட்டமன்றக் குழுவின் முன் அவன் அம்மா
எல்லாம் சொன்னாள்,
'கரடி' என்று வரும் இடத்தில் மட்டும்
வாய் திறந்தபடி நின்றாள்.
மூன்றாம் வரிசையில் இருந்தார் வென்டெல்.
சுரண்டியின் பிடியில் அந்த நிற்றலும் இருக்கிறது.

அந்தக் கரடிகள் இந்தக் கடையில் வாங்கியவை அல்ல.
இங்கே அடையாள அட்டை காட்டாமல்
எட்டாத தட்டு இறங்காது.
பெட்ரோல் பங்க்கில்தான்
மிட்டாயோடு மிட்டாயாய்த் தொங்கவிட்டிருந்தார்கள்.
ஒரெத்தா இதைச் சொல்லத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டாள்.
கோல்பியின் படத்தை அவளும் பார்த்திருக்கிறாள்.

வில்லை நான்கு துண்டாக வந்தது,
பசை வரவில்லை.
உள்ளே போய்
சமையல் எண்ணெயும் பழந்துணியும்
அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.
துடைத்த சதுரத்தின் வழியே
எதிர்ச்சாரி மதுக்கடை துல்லியமாகத் தெரிந்தது.
லாரியிலிருந்து விஸ்கி இறங்கிக்கொண்டிருந்தது,
தள்ளுவண்டிக்கு ஆறு பெட்டி.

லாயல் போன பிறகு எண்ணினார்கள்.
முந்நூற்றுப் பதினாறு.
மறுபடியும் எண்ணினார்கள்.
காலையில் பட்டியலில் எழுதியது பதினேழு.
ஒரெத்தா குளிர்பெட்டியைப் பார்த்தாள்.
வென்டெல் தரையைப் பார்த்தார்.

பிறகு பேனாவைத் திறந்து
ஏழின் மேல் ஓர் ஆறு எழுதினார்,
பசை பிசுபிசுத்த விரலால்,
காகிதம் கையோடு ஒட்டிக்கொண்டு வர.